இடது துணை உட்கார்ந்த வீடு

வெங் சிங்-பாங் சிலிண்டரைத் தூக்கினதென்னவோ சரியாகத்தான் தூக்கினார். இறக்கும்போதுதான் தன்னுடைய இடது கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டார்.

கால் சிலிண்டருக்கு அடியில் இருந்தது.

இருபது கிலோ காஸ். அதைச் சுமக்கிற இரும்பு வேறு. அவர் போட்ட சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் வான்கோழிச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார்கள். அடுப்பின் முன்னால் நின்ற அவர் மனைவி பி-யுன் கரண்டியைக் கீழே வைக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"உங்களை யார் தூக்கச் சொன்னது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஜியாயி ஊரில் பி-யுன் இந்தச் சோற்றுக்கடையைப் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. நாலு கதவு தள்ளி வெங்கின் கடிகாரக் கடை. இத்தனை வருஷத்தில் அவர் அங்கே வந்ததெல்லாம் மத்தியானம் பன்னிரண்டு பத்துக்குச் சாப்பிட மட்டும். சோறு பன்னிரண்டு பதினொன்றுக்கு வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் தாமதம்" என்பார். சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். சிலிண்டர் வலப்பக்கம் திருகினால் மூடுமா, இடப்பக்கம் திருகினால் மூடுமா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனது சிலிண்டர் போடுகிற ஆ-ஹோங். மனைவியை இழந்தவன், நாற்பது வயதுகூட ஆகவில்லை, தோள் இரண்டும் கதவு அகலம். வெங்கை முதுகில் போட்டுக்கொண்டு எலும்பு வைத்தியர் வீடுவரை நடந்தான். வழி முழுக்க ஆறுதல் வேறு.

"இதெல்லாம் என் வேலைண்ணே. அண்ணிக்கு எது வேணும்னாலும் நான் இருக்கேன். நீங்க கவலையே படாதீங்க."

வெங்குக்குக் கால் வலியைவிட அந்த ஆறுதல்தான் அதிகம் வலித்தது. ஒரு வாரமாக அவர் பட்டுக்கொண்டிருந்த கவலையே அதுதான்.

எல்லாம் ஒரு கண்ணாடி அலமாரியால் வந்த வினை. கடையில் புதிதாக ஒரு அலமாரி போடலாமா, எந்தத் திசையில் போடலாம் என்று கேட்பதற்காக வெங், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஜோசியர் லியாவிடம் போனார். லியாவ் பிறந்த வேளையைக் கேட்டார். வெங்கின் அம்மாவைக் கேட்டால், "மத்தியானம் தூங்கி எழுந்தப்புறம்" என்றாள். நொடி முள்ளைச் சரிபண்ணிப் பிழைக்கிற மனுஷனுக்கு 'அப்புறம்' என்பதெல்லாம் ஒரு நேரமா? நேரே குடிப்பதிவு அலுவலகத்துக்குப் போய், தன் பிறப்புப் பதிவின் நகலையே வாங்கிவிட்டார். 1979 ஜூலை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஜோசியர் மேஜைமேல் வைத்தபோது, அவர் முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய களை இருந்தது.

"மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் குரங்கு வேளை" என்று லியாவ் கம்ப்யூட்டரில் தட்டினார். கட்டங்கள் வந்தன. பன்னிரண்டு வீடு. லியாவின் விரல் ஒரு வீட்டில் நின்றது.

"உங்க தாம்பத்திய வீட்டுல இடது துணை நட்சத்திரம் உக்காந்திருக்கு."

"துணைன்னா நல்லதுதானே?" என்றார் வெங்.

"அருமையான நட்சத்திரம். ராஜாவுக்கு இடது பக்கம் நிக்கிற மந்திரி. கேக்காமலே வந்து கை கொடுக்கும். தொழில் வீட்டுல இருந்தா நல்ல கூட்டாளி கிடைப்பான். நண்பர் வீட்டுல இருந்தா கூப்பிட்ட குரலுக்கு ஆள் ஓடி வரும்." லியாவ் ஒரு வாய் தேநீர் குடித்தார். "தாம்பத்திய வீட்டுல இருந்தா, தாம்பத்தியத்துலயும் இன்னொருத்தர் வந்து கை கொடுப்பார்."

வெங் பிளாஸ்டிக் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு கல்யாண ஜாதகம்னு சொல்லுவோம்" என்று லியாவ் முடித்தார். "இருபது நிமிஷம் முந்திப் பிறந்திருந்தா ஆட்டு வேளை. நட்சத்திரம் வேற வீட்டுக்குப் போயிருக்கும், நீங்க தப்பிச்சிருப்பீங்க. என்ன பண்றது, உங்க அம்மா கொஞ்சம் பொறுமைசாலி."

அலமாரியைப் பற்றி வெங் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து வெங், வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் கடை வாசலில் நின்று மனைவியின் கடையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தால், ஜோசியர் பார்த்துவிட்டு வந்து சொன்ன மாதிரியே இருந்தது. ஆ-ஹோங் சிலிண்டர் போடுகிறான், சரி. கத்தியை ஏன் தீட்டிக் கொடுக்கிறான்? ஒழுகுகிற குழாயை ஏன் மாட்டுகிறான்? யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்காமலே வந்து கை கொடுக்கிறான்.

வெங் ஒன்றும் சந்தேகப் பிராணி அல்ல. பி-யுன் தப்பாக நடப்பாள் என்று அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. ஆனால் நட்சத்திரத்துக்கு முன்னால் அவள் என்ன செய்வாள் பாவம் என்று நினைத்தார். இருபது வருஷமாக அவள் இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்தவருக்கு, அவள் இல்லாமல் போகலாம் என்பது இப்போதுதான் புரிந்தது. அதனால்தான் முந்திக்கொண்டு சிலிண்டரைத் தூக்கினார்.

கட்டுப் போட்ட காலோடு மறுபடி லியாவிடம் போனார். லியாவ் கட்டைப் பார்த்துவிட்டு, இது நட்சத்திரத்தின் முதல் எச்சரிக்கை என்றார். பிறகு பரிகாரம் சொன்னார்.

"ரெண்டு கல்யாணம்னுதான் இருக்கு. ரெண்டாவது பொண்டாட்டி வேற ஆளா இருக்கணும்னு எங்கயும் இல்ல. விவாகரத்துப் பண்ணுங்க, அதே பொம்பளையத் திரும்பக் கட்டிக்கோங்க. கணக்கு முடிஞ்சுது. இந்த ஊர்லயே எத்தனை பேர் பண்ணியிருக்காங்க தெரியுமா?"

வெங் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஏழாம் மாதம், அதாவது செத்தவர்கள் வெளியே வந்து உலாவுகிற பேய் மாதம், பிறக்கிறது. பேய் மாதத்தில் வெங் புதுச் செருப்புகூட வாங்க மாட்டார், கல்யாணமா பண்ணுவார்? அதற்கு முன்னால் கல்யாணத்துக்கு உகந்த கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆகவே புதன்கிழமை விவாகரத்து, வெள்ளிக்கிழமை கல்யாணம். நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

பி-யுன் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களை ஒரு தடவை கட்டிக்கொண்டதே எனக்குப் போதும் என்றாள். மூன்று நாள் அவர் விடாமல் பின்னாலேயே சுற்றினார். கடைசியில், "சரி, வரேன். வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்து" என்றாள்.

விவாகரத்துப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒரு சாட்சி லியாவ். இன்னொரு சாட்சிக்கு வெங் தெரு முழுக்க நொண்டிக்கொண்டே அலைந்தார். ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். வாசலில் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்த ஆ-ஹோங் விஷயத்தைக் கேட்டான்.

"இவ்வளவுதானாண்ணே? கொடுங்க."

கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டுப் போனான். மை காய்வதற்குள் வெங்குக்கு உறைத்தது. அந்த நட்சத்திரம், கேட்காமலே வந்து, விவாகரத்துக்கே கை கொடுத்துவிட்டது.

புதன்கிழமை குடிப்பதிவு அலுவலகத்தில் கூட்டம் இல்லை. மூன்றாம் கவுன்டரில் ஜியான் அம்மாள் இருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிற, மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்திவைத்திருக்கிற அம்மாள். வெங்குக்குப் பிறப்புப் பதிவின் நகலை எடுத்துக் கொடுத்ததும் இவர்தான். வெங் அந்தப் பிளாஸ்டிக் உறையை இன்றைக்கும் கையோடு கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஜியான் அம்மாள் காகிதங்களைப் பார்த்தார். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் மனைவி பெயர் இருக்கிறது, அதனால் புது அட்டை போடவேண்டும், புதுப் போட்டோ எங்கே என்றார். பி-யுன் தன் போட்டோவை எடுத்து வைத்தாள். வெங்கிடம் இல்லை. எதிர்த் தெருவில் ஒரு போட்டோக் கடை இருக்கிறது என்று ஜியான் அம்மாள் சொன்னார்.

நொண்டிக்கொண்டே போய், வரிசையில் நின்று, எடுத்து, வாங்கிக்கொண்டு வர அரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் உறை கவுன்டரின்மேல் கிடந்தது. இரண்டு பெண்களின் தலையும் அதற்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. இவரைப் பார்த்ததும் விலகின. பி-யுன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருக்கிறாளோ என்று பார்த்தால், சிரித்த கண்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றார் வெங்.

"என் பையை எங்க வாங்கினேன்னு கேட்டாங்க."

இன்னொரு அதிசயம், பத்திரத்தில் பி-யுன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். வருகிற வழியெல்லாம் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தவள், ஒரு எழுத்தில்கூட நடுக்கம் இல்லாமல் அழகாகப் போட்டிருந்தாள். வெங்குக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ சுருக்கென்றது.

புது அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மனைவி என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

"ரெண்டே நாள்தான்" என்று அவளுக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை புயல் எச்சரிக்கை வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு டிவியில், நாளை அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் விடுமுறை என்று அறிவித்தார்கள். ஊரே ஓடிப்போய்ப் பாக்கெட் நூடுல்ஸ் வாங்கியது. ஜியாயி நகரத்தில் அன்றைக்கு விடுமுறை கிடைத்து அழுத ஒரே ஆள் வெங்தான்.

வெள்ளிக்கிழமை மழை ஜன்னலை உடைத்தது. சனிக்கிழமை அலுவலகம் கிடையாது. ஞாயிறு பேய் மாதம் பிறந்துவிட்டது.

"திங்கக்கிழமை போய்ப் பதிஞ்சுட்டு வந்துடலாமே" என்றாள் பி-யுன். "எனக்குப் பேய்ன்னா பயம் இல்ல. உங்ககூடவே இருபது வருஷம் இருந்திருக்கேன்."

வெங் அசையவில்லை. பேய் மாதத்தில் கட்டிக்கொண்டால் பேயே சாட்சிக்கு வரும் என்றார். எட்டாம் மாதம் எட்டாம் நாள்தான் அடுத்த நல்ல நாள் என்று பஞ்சாங்கத்தில் வட்டம் போட்டுவைத்தார். சரி, உங்கள் இஷ்டம் என்று பி-யுன் சொன்ன குரலில் எந்த வருத்தமும் இல்லாததை அவர் கவனித்தார். அதையும் நட்சத்திரத்தின் கணக்கில் சேர்த்தார்.

போதாக்குறைக்கு லியாவ் போன் பண்ணி, ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அது விவாகரத்தே ஆகாது, நட்சத்திரத்தை ஏமாற்ற முடியாது என்றார். வெங் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடிகாரக் கடைக்குக் குடிபோனார். அங்கே நாற்பத்து மூன்று சுவர்க் கடிகாரங்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரம் என்று வாடிக்கையாளர்களிடம் இருபது வருஷமாகப் பெருமையடித்திருந்தார். படுத்துப் பார்த்தபோதுதான், ஒன்றுகூட இன்னொன்றோடு சேர்ந்து அடிப்பதில்லை என்று தெரிந்தது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

காவ்சியுங்கில் படிக்கிற மகள் போன் பண்ணி விசாரித்தாள். இப்போது உங்களை அப்பா என்று கூப்பிடலாமா, இல்லை அதற்கும் எட்டாம் மாதம்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டாள்.

தெருவில் பேச்சு கிளம்புமே என்று வெங் பயந்தார். முந்திக்கொண்டு, கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், இது சும்மா காகிதத்துக்குத்தான், சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை என்று விளக்கினார். அதுவரை, சாட்சி கிடைத்து விவாகரத்து முடிந்துவிட்டது யாருக்கும் தெரியாது. அவர் விளக்கியபிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே பி-யுன் கடையில் தினமும் சாப்பிடுகிற ஒரு டெய்லரம்மா, தன் கொழுந்தன் பல் வைத்தியர், தங்கமான குணம், சொந்த வீடு, வான்கோழிச் சோறு என்றால் உயிர் என்று பி-யுன் காதில் போட்டாள். பி-யுன் அதை வெங்கிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு, வலிச்சா வரேன்னேன்."

அதற்கப்புறம் வெங்கால் கடிகாரக் கடையில் உட்கார முடியவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கே சோற்றுக்கடையில் ஆஜரானார். சும்மா உட்கார்ந்து காவல் காத்தால் கேவலமாக இருக்குமே, அதனால் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். பி-யுன் ஒரு வாளிச் சின்ன வெங்காயத்தைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

வான்கோழிச் சோற்றுக்கு உயிரே பொரித்த வெங்காயம்தான். அந்த வெங்காயம் உரித்தே வரும் என்று வெங் பதினெட்டு வருஷமாக நம்பியிருந்தார். முதல் நாள் ஒரு வாளி உரித்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, விரல் நுனியெல்லாம் எரிந்தது. உரித்து முடித்து நிமிர்ந்தால் இன்னொரு வாளி இருந்தது.

"தினமும் ரெண்டா?"

"ஞாயித்துக்கிழமை மூணு."

அவள் கொதிக்கிற குழம்பை ஊற்றும்போது வெங் முதல்முறையாக அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் தெறித்த புள்ளிகள், பழையதும் புதியதுமாக. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதே கையிலிருந்துதானே தினமும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் தாமதம் என்றோம் என்று நினைத்தார். அன்றைக்குப் பாத்திரமும் அவரே கழுவினார். மறுநாள் சிலிண்டரையும் தூக்கினார், இந்தத் தடவை காலைப் பார்த்துக்கொண்டு.

பி-யுன் அடுப்பருகில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"உங்க நட்சத்திரம் நல்லாத்தாங்க வேலை செய்யுது" என்றாள். "கேக்காமலே வந்து கை கொடுக்குதே."

எல்லாம் ஒரு வழிக்கு வருகிறது என்று வெங் நினைத்த சமயத்தில், ஆ-ஹோங் கடிகாரக் கடைக்கு வந்தான். குளித்து, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, ஒருத்தங்களுக்குப் பரிசு கொடுக்கணும். பொம்பளைங்க கட்டற கைக்கடிகாரம். நல்லதா, நீங்களே பாத்துக் கொடுங்க. யாருக்குன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க."

வெங்குக்குக் கேட்கவேண்டியிருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பது பெண்கள் கடிகாரம் பளபளத்துக்கொண்டிருக்க, அதன்மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, பெண்கள் கடிகாரம் கையிருப்பில் இல்லை என்றார். பிறகு ஒரு யோசனை தோன்றியது. ஜியாயி ஊரில் யாராவது யாருக்காவது சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பார்களா? உனக்கு நேரம் முடிந்தது என்று சொல்வதற்குச் சமம். வாங்கினவர் கொடுத்தவர் முகத்தில் விழிக்க மாட்டார். வெங் சுவரிலிருந்து இருப்பதிலேயே பெரிய கடிகாரத்தைக் கழற்றி, ஓடவிட்டு, பெட்டியில் போட்டார்.

"சுவர்க் கடிகாரமாண்ணே? அது ஆகாதே?" என்றான் ஆ-ஹோங்.

"அவங்ககிட்ட ஒரே ஒரு நாணயம் வாங்கிக்கோ. வித்த மாதிரி ஆயிடும், தோஷம் போயிடும்."

ஆ-ஹோங் நம்பினான். வெங் சொன்னால் நம்பாமல் வேறு யார் சொன்னால் நம்புவது என்று தோளில் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். போன இடத்தில் பதற்றத்தில் நாணயம் கேட்க மறந்துவிட்டான்.

அவன் போனது பி-யுன்னிடம் இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கிற கோ சியாங்-யின் என்கிற அம்மாளிடம். ஒரு வருஷமாக ஆ-ஹோங் தேவையில்லாத தலைவலி மாத்திரையெல்லாம் வாங்கிச் சேர்த்தது அவளைப் பார்க்கத்தானாம். அவள் பெட்டியைப் பிரித்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கடையின் இரும்புக் கதவை இறக்கிவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து ஆ-ஹோங் பி-யுன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். போக்கிடம் இல்லை. துக்கத்தை மறக்க ஏதாவது வேலை வேண்டும் என்று நாற்காலியெல்லாம் ஆணி அடித்துக் கொடுத்தான், கூரை ஓட்டையை அடைத்தான், மின்விசிறியைத் துடைத்தான். வெங் எட்டுவதற்குள் வெங்காய வாளியையும் எடுத்துக்கொண்டான். பி-யுன் பாவம் பார்த்து அவனுக்குத் தினமும் சூப் கொடுத்தாள். அவன் சூப்பைக் குடித்துக்கொண்டே, அண்ணி மாதிரி யாரும் உண்டா என்று கண் கலங்கினான். டெய்லரம்மா தன் கொழுந்தனுக்கு வாய்ப்பு இல்லை போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டாள்.

நாலு நாள் பொறுத்தார் வெங். அதற்குமேல் முடியவில்லை. மருந்துக்கடைக்குப் போனார். போய், ஒன்றை மறைத்தால் இன்னொன்று உதைக்கும் என்று தெரிந்துபோனதால், அலமாரியில் ஆரம்பித்துச் சுவர்க் கடிகாரம்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாதிக் கதைக்கு சியாங்-யின் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மீதிக் கதைக்கு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் கல்லாவிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதை அவர்கிட்ட கொடுங்க. கடிகாரம் சரியா ஓடுது, வந்து மாட்டிக் கொடுக்கச் சொல்லுங்க."

வெங் வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்: "எனக்கு இவ்வளவு சொன்னீங்களே, உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. நட்சத்திரத்தைச் சொன்னார், பரிகாரத்தைச் சொன்னார், பஞ்சாங்கத்தைச் சொன்னார். தான் பயந்துபோனதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானக் கூட்டம் போனபிறகு, வெங்காயத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"பி-யுன், நீ வேற யார்கூடயாவது போயிடுவியோன்னு எனக்கு பயம் வந்துடுச்சு. நட்சத்திரம் சொல்லுச்சுன்னுதான் வந்துச்சு. ஆனா இப்பப் பாத்தா, நட்சத்திரம் சொல்லாட்டியும் நீ போயிருக்கலாம்னு தோணுது. நான் அப்படித்தான் இருந்திருக்கேன். எட்டாம் நாள் வருவியா?"

பி-யுன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தது. பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன். அந்த வாளியை முடிங்க."

யோசித்தாள், யோசித்தாள், பன்னிரண்டு நாள் யோசித்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் வெங் வெங்காயம் உரித்தார். எட்டாம் மாதம் ஏழாம் நாள் மாலை, கடையைக் கழுவிவிடும்போது, நாளைக்குப் போட்டோ மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். வெங் துடைப்பத்தோடு வாசலுக்குப் போய்த் தெருவையும் சேர்த்துக் கழுவிவிட்டு வந்தார்.

எட்டாம் நாள் அலுவலகம் திறப்பதற்கு இருபது நிமிஷம் முன்னாலேயே வெங் வரிசையில் முதல் ஆள். கோட்டு போட்டிருந்தார். பையில் எட்டுப் போட்டோ இருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு ஆ-ஹோங்கும் சியாங்-யின்னும் வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழி காட்ட பி-யுன் வாசலில் நின்றாள். சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். வெங் அடிக்கொரு தரம் திரும்பி, அவள் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் கவுன்டரில் அதே ஜியான் அம்மாள். கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்துச் சிரித்தார். வெங் காகிதங்களை வைத்தார். அந்தப் பிளாஸ்டிக் உறையையும் வைத்தார்.

"எல்லாம் இதால வந்ததும்மா" என்றார், இனி பயமில்லை என்கிற தெம்பில். "மூணு இருபது. குரங்கு வேளை. இருபது நிமிஷத்துல மாட்டிக்கிட்டேன். இன்னியோட தீர்ந்துச்சு."

ஜியான் அம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க கடிகாரக்காரர்தானே? எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூலைல அரசாங்கம் கரண்டு மிச்சம் பண்றதுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தது. செப்டம்பர் கடைசி வரைக்கும் அப்படித்தான். ஜாதகத்துக்கு நகல் வாங்க வர்றவங்ககிட்ட நான் எப்பவும் சொல்லுவேன், அதைக் கழிச்சுக்கோங்கன்னு. நீங்கதான் அன்னிக்கு வாங்கின கையோட ஓடிட்டீங்க."

வெங் உறையைப் பார்த்தார். மூன்று இருபதில் ஒரு மணி நேரம் போனால் இரண்டு இருபது. இந்தக் கணக்கைப் போடுவதற்கு அவருக்கு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பிடித்தது. இரண்டு இருபது ஆட்டு வேளை. இடது துணை அவருடைய தாம்பத்திய வீட்டில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. சிலிண்டர், கால்கட்டு, விவாகரத்து, நாற்பத்து மூன்று கடிகாரம், முப்பது நாள் வெங்காயம் எல்லாம் ஓர் ஒன்றுமில்லாததற்காக.

கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. வாசலில் வண்டி வந்து நின்றது. பி-யுன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்தாள். இவளுக்கு இது தெரிந்தால் கையெழுத்துப் போடுவாளா? தப்பான மணிக்காக என்னை விவாகரத்துப் பண்ணின கடிகாரக்காரனை நான் எதற்கு மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வெங் கவுன்டரின்மேல் பாதி உடம்பைச் சாய்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவ கையெழுத்துப் போடற வரைக்குமாவது இதை அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஜியான் அம்மாள் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு, முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"அவங்ககிட்ட நீங்க போட்டோ எடுக்கப் போன அன்னிக்கே சொல்லிட்டேன் சார். 'இந்த ரெண்டு வாரமாத்தான் அந்த மனுஷன் என் கடைப் பக்கம் எட்டிப் பாக்கறார், நட்சத்திரம் அங்க இல்லைன்னு தெரிஞ்சா நாளைக்கே நின்னுடும், தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க'ன்னு அவங்களும் இப்படியேதான் சாஞ்சுக்கிட்டுக் கெஞ்சினாங்க."